மரபணுத் திருத்தம் வந்துவிட்ட பிறகு, நெற்பயிரைக் குட்டையாக்கக் கையால் செய்யும் கலப்பு இனி எதற்கு?

கேள்வியைக் கேட்டவர் ஆய்வுத் தலைப்பைத் தேடும் மாணவர் என்று எடுத்துக்கொள்கிறேன். பதினோரு ஆண்டுகள் நெல்லில் கலப்பு செய்தவன் என்பதால், ‘இனி எதற்கு’ என்ற சொல் என்னைத் தைத்தது. நிதி கேட்டு அனுப்பிய என் விண்ணப்பத்திலும் ஒருவர் இதையே எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்.

உயரமான நெல்லுக்கு உரத்தைக் கூட்டினால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். இதற்குத் தீர்வாக அமைந்தது எஸ்.டி.1 என்ற மரபணுவில் இயற்கையாகவே நேர்ந்த ஒரு பழுது. தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் நெல்லில் அந்த மரபணுவின் 383 கார இணைகள், அதாவது டி.என்.ஏ.வின் எழுத்துகள், இல்லை. அதனால் தண்டை நீட்டும் ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது. இந்த நெல்லை இந்தோனேசியாவின் உயரமான பீட்டாவுடன் பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1962-இல் கலந்ததிலிருந்துதான் 1966-இல் ஐ.ஆர்.8 வெளிவந்தது. அந்தப் பழுது எந்த மரபணுவில் உள்ளது என்பது தெரியவந்ததே 2002-இல்தான்.

மணமுள்ள ஓர் உயர ரகத்தைக் குட்டையாக்குவதே என் வேலையாக இருந்தது. மாலையில் ஒவ்வொரு பூவின் உமி நுனியையும் கத்தரித்து, ஆறு மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுத்து, கதிரைக் காகித உறையால் மூடி, மறுநாள் முற்பகலில் மகரந்தம் தூவ வேண்டும். குட்டைத்தன்மை ஒடுங்கு பண்பு, இரு பெற்றோரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். கலப்புச் செடிகள் உயரமாகவே நிற்கும் என்பதால், எது அதைச் சுமக்கிறது என்று அறிய அடுத்த தலைமுறை வரை காத்திருந்தேன். கலப்புச் செடியை மீண்டும் தாய் ரகத்துடனேயே கலக்கும் பிற்கலப்பை ஆறு முறை செய்த பிறகு பயிர் இடுப்பளவில் நின்ற அதே பருவத்தில், பூக்கும் நேரத்தில் பத்து நாள் தண்ணீர் வராமல் போயிற்று. பக்கத்துப் பாத்தியில் உயரமான தாய் ரகம் மணி பிடித்தது. என் குட்டைப் பயிரில் பாதிக்கு மேல் பதர். எஸ்.டி.1-க்கு மிக அருகில், அதே முதலாம் குரோமோசோமில், வறட்சியைத் தாங்க உதவும் பகுதி ஒன்று இருப்பதும், குட்டை ரகத்திலிருந்து வரும் துண்டு அதன் தாங்காத வடிவத்தையும் கூடவே இழுத்து வருவதும் பிறகுதான் எனக்கு விளங்கின.

ஆகவே நான் மரபணுத் திருத்தத்துக்கு எதிரி என்று யாரும் எண்ண வேண்டாம். சக ஆய்வாளர் ஒருவர் அதே தாய் ரகத்தில் கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவியைக் கொண்டு எஸ்.டி.1-ஐ மட்டும் வெட்டி, பக்கத்துப் பகுதியைத் தொடாமலே, இரண்டே தலைமுறையில் குட்டைச் செடியை எடுத்தார். ஆனால் திசு வளர்ப்பில் முளைத்த செடிகளில் சில மலடாக இருந்தன. வேறு சிலவற்றில் வெட்டும் நொதியின் மரபணு இன்னும் ஒட்டியிருந்தது. தன்மகரந்தச் சேர்க்கையின் வழியே அதைப் பிரித்துக் களைந்ததும், நாற்றங்கால் முதல் அறுவடை வரை செடி செடியாக அளந்து தேர்ந்ததும் பழைய கைவேலைதான்.

ஆழ்நீர் நெல்லில் வெள்ளம் ஏற ஏறத் தண்டை நீட்டிப் பயிரைக் காப்பதும் இதே எஸ்.டி.1-தான், எனவே உங்கள் ரகம் எந்த வயலுக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். திருத்தியே குட்டையாக்கினாலும், முதல் பருவத்தில் தாய் ரகத்தைப் பக்கத்துப் பாத்தியில் நட்டு, பூக்கும்போது ஒரு முறை தண்ணீரை நிறுத்திப் பாருங்கள்.