இந்திய இராணுவத்தின் பரா சிறப்புப் படை எப்படி உருவானது? பரசூட்டில் குதிப்பதுதான் அவர்கள் வேலையா?

குதிக்கப் பழகாமல் அந்தப் படைக்குள் போக முடியாது. ஆனால் அவர்கள் பெயர் எடுத்த சண்டைகளைப் பார்த்தால், பெரும்பாலும் ஒருவரும் குதிக்கவில்லை. ஜீப்பில் போயிருக்கிறார்கள், ஹெலிகொப்டரில் இறங்கியிருக்கிறார்கள், இரவிரவாக மலை ஏறி நடந்திருக்கிறார்கள்.

நான் திருகோணமலைக்காரன். இந்தியன் ஆமி இங்கே இருந்த காலத்தில் பள்ளிக்கூடப் பையன். சீனக்குடாவில் அவர்கள் பரசூட்டில் வந்து இறங்கியதாக எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் மனதில் கலந்துபோயிருப்பது அநேகமாக 1987 ஜூன் 4ஆம் திகதிச் சங்கதி. அன்றைக்கு ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் வந்து யாழ்ப்பாணத்துக்கு மேலே ஏறத்தாழ 25 தொன் நிவாரணப் பொருட்களைப் பரசூட்டில் போட்டன. தெற்கில் அதைப் ‘பருப்புப் போட்ட கதை’ என்று இப்பவும் நக்கலடிப்பார்கள். அமைதிப்படை என்ற பெயரில் இந்தியன் ஆமி வந்தது அதற்குப் பிறகு, ஜூலை மாத இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு, கப்பலிலும் விமானத்திலும்.

வரலாற்றுக்கு வருவோம். 1941 ஒக்டோபரில் பிரித்தானியர் காலத்து 50ஆவது இந்தியப் பரசூட் பிரிகேட் தில்லியில் தொடங்கியது. அவர்களுடைய முதல் பெரிய சண்டையே தரையில்தான். 1944 மார்ச்சில் மணிப்பூரின் சங்ஷாக்கில் ஜப்பானியரைச் சில நாட்கள் மறித்து வைத்தார்கள். இம்பாலும் கொஹிமாவும் தயாராவதற்கு அந்த நாட்கள் பெரிய உதவி. அங்கேயும் வானத்திலிருந்து விழுந்தவை சாப்பாடும் வெடிபொருளும்தான், அதிலும் பாதிக்குமேல் எதிரியின் பக்கம் போய் விழுந்ததாகச் சொல்வார்கள். 1945 மே 1ஆம் திகதி ரங்கூனுக்குப் பக்கத்தில் கூர்க்கா வீரர்கள் ஒருவழியாகக் குதித்தார்கள்.

சிறப்புப் படை என்கிற இன்றைய வடிவம் 1965 இந்திய-பாகிஸ்தான் போரில் முளைத்தது. மேஜர் மேக் சிங் என்பவர் விருப்பப்பட்டு வந்த ஆட்களைச் சேர்த்து, காஷ்மீரில் எதிரியின் முதுகுக்குப் பின்னால் போய் அடிக்கும் சிறிய குழு ஒன்றை நடத்தினார். ‘மேக்தூத் படை’ என்று பெயர். அது வேலை செய்ததால் 1966இல் 9ஆவது பரா கொமாண்டோ பட்டாலியன் பிறந்தது. அடுத்த வருடம் அதிலிருந்து 10ஆவது பிரிந்தது. ஒன்று மலைக்கு, மற்றது பாலைவனத்துக்கு.

சாதாரண பரா (பரசூட்) படைக்கும் கொமாண்டோவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு 1971 டிசெம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரைக் காட்டினால் போதும். இன்றைய பங்களாதேஷின் டங்கைலில் 2ஆவது பரா பட்டாலியன் ஆயுதங்களோடு கூட்டமாகக் குதித்துப் பாலம் ஒன்றைப் பிடித்து, தரைப்படை வந்து சேரும்வரை வைத்திருந்தது. அது பரா வேலை. அதே மாதம் 9ஆவது கொமாண்டோ ஆட்கள் பூஞ்ச் பகுதியில் எல்லை தாண்டி நடந்து, மண்டோல் என்ற இடத்தில் ஆறு பீரங்கிகளை உடைத்துவிட்டுத் திரும்பினார்கள். 10ஆவது, ஜெய்ப்பூர் ராஜா பவானி சிங் தலைமையில், தார் பாலைவனத்தில் ஜீப்புகளில் போய்ப் பாகிஸ்தானின் சாச்ரோவைத் தாக்கியது. போய், அடித்து, திரும்பு. இடத்தைப் பிடித்து வைத்திருப்பது கொமாண்டோவின் பொறுப்பில் வராது.

ஆக்ராவில் ஐந்து தடவை குதித்தால் சிறகுச் சின்னம் கிடைக்கும். சிறப்புப் படைக்கு அது வாசற்படி மட்டுமே. அதன்பிறகு மாதக்கணக்கில் நித்திரையில்லாமல், சுமையோடு ஓடவிட்டு ஆட்களைக் கழிப்பார்கள். தாங்கியவர்களுக்குத்தான் ‘பலிதான்’ (தியாகம்) சின்னம். 2019 உலகக் கிண்ணத்தில் தோனியின் கையுறையில் இருந்து ஐ.சி.சி. எடுக்கச் சொன்னதே, அந்தச் சின்னம்தான்.

அப்படிப் பொறுக்கியெடுத்தவர்களுக்கு 1987 ஒக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரியும். புலிகளின் தலைமையை ஒரே இரவில் பிடித்துவிடுவது திட்டம். 10ஆவது கொமாண்டோ ஆட்களும் 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையும் பலாலியிலிருந்து எம்.ஐ.-8 ஹெலிகொப்டர்களில் வந்தார்கள். புலிகள் அவர்களுடைய ரேடியோப் பேச்சை ஒட்டுக்கேட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். ஹெலிகொப்டர்கள் சூடுபட்டு, அடுத்தடுத்த தடவைகள் வர முடியாமல் போயிற்று. மைதானத்தில் தனித்துப்போன 30 சீக்கியர்களில் 29 பேர் செத்தார்கள், ஒருவர் பிடிபட்டார். கொமாண்டோக்கள் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்து தாக்குப்பிடித்தார்கள். ரயில் தண்டவாளம் வழியாக டாங்கிகள் வந்துதான் அவர்களை மீட்டன. தேடி வந்த ஆள் கிடைக்கவில்லை. அந்த ஒக்டோபரில் அங்குள்ள சனம் பட்டதை இந்தப் பதிலுக்குள் அடக்க முடியாது.

இதைத் திறமைக் குறைவு என்று நான் சொல்லமாட்டேன். சின்னக் குழுவின் ஒரே பலம், அது வருவது மற்றவனுக்குத் தெரியாமல் இருப்பது. அது போய்விட்டால் நூறு பேர் எவ்வளவு பயிற்சி எடுத்தவர்களாக இருந்தாலும் எண்ணிக்கையில் நூறு பேர்தான். அமைதிப்படை ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை இழந்துவிட்டு, 1990 மார்ச் 24ஆம் திகதி எங்கள் துறைமுகத்திலிருந்துதான் கடைசியாகக் கப்பலேறியது.

இடையில் 1988 நவம்பரில் மாலைதீவு. இலங்கைத் தமிழ் ஆயுதக் குழுவான புளொட்டின் ஆட்களை வைத்து அங்குள்ள சிலர் ஆட்சியைக் கவிழ்க்கப் பார்த்தபோது, ஆக்ராவிலிருந்து ஐ.எல்.-76இல் 50ஆவது பரசூட் பிரிகேட் கிளம்பியது. விமான நிலையம் எதிரியின் கையில் இல்லை என்ற தகவல் சரியாக இருந்ததால், குதிக்காமல் நேரே ஓடுபாதையில் இறங்கினார்கள். சுற்றிவரக் கடல் உள்ள ஹுல்ஹுலே தீவில் இருட்டில் குதித்திருந்தால் எத்தனை பேர் தண்ணீருக்குள் போயிருப்பார்களோ.

2016 செப்டெம்பரில் காஷ்மீர் எல்லைக்கோட்டைத் தாண்டித் தாக்கியதாக இந்தியா அறிவித்தது. பாகிஸ்தான் மறுத்தது. இந்தியத் தரப்புக் கணக்கின்படி போனவர்கள் 4ஆவது, 9ஆவது பரா சிறப்புப் படை ஆட்கள். கால்நடையாகத்தான் போனார்கள்.