டபுள் பேஸின் கழுத்தைச் சீவலாமா?

கேள்வி: எங்கள் தேவாலயத்துப் பழைய டபுள் பேஸின் (ஆளுயர வயலின் போன்ற வாத்தியம்) கழுத்து சரியான தடிப்பு. வாசித்தால் பெருவிரல் நோகிறது. சீவலாமா, அண்ணன்?
– வாசகர், கல்லடி

பதில்: சீவலாம் தம்பி. ஆனால் முதலில் கம்பிகளின் உயரத்தைப் பாருங்கள். பாதி நோவு அங்கேதான் இருக்கும்; குதிரையை (கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டு) தாழ்த்தினாலே தீர்ந்துவிடலாம். கிற்றாரின் கழுத்துக்குள் இருப்பது போன்ற, கழுத்தைத் தாங்கும் இரும்புக்கம்பி இதற்குள் வழக்கமாகக் கிடையாது, மரம்தான் முழு இழுவையையும் தாங்க வேண்டும். அதனால் நடுமுதுகைத் தொடாமல் இரு பக்கத் தோள்களை மட்டும் சுரண்டுங்கள். அவசரக்காரர் அரத்தை எடுக்காமல் இருப்பதே நல்லது! கழுத்துக்கு வேண்டிய வளைவை மட்டையில் வெட்டி, அதைக் கழுத்தில் வைத்து அடிக்கடி ஒப்பிடுங்கள். அப்புறம், தடித்த வார்னிஷ் வேண்டாம், மட்டக்களப்பு வெக்கையில் வேர்த்த கை ஒட்டும். ஆளிவிதை எண்ணெய் மெல்லிதாகப் பூசித் துடைத்தால் போதும். கம்பிகள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் அவற்றின் அழுத்தத்தில் உள்ளே நிற்கும் ஒலித்தண்டு (மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையிலுள்ள மரக்குச்சி) விழக்கூடும், பேஸைப் படுக்க வைத்தே தளர்த்துங்கள்.