இரண்டு இன்ச் தூக்க என்னென்ன செலவு?

வாசகர் கேள்வி – பதில்: கரடுமுரடுப் பாதை வண்டிகள்

என்னிடம் 2016 மாடல் மஹிந்திரா தார் சிஆர்டிஇ (டீசல்) ஜீப் இருக்கிறது. எஸ்டேட் பாதையில் வாரம் இரண்டு முறை போய்வருகிறேன். அடிப்பாகம் கல்லில் உரசுகிறது. வண்டியை உயர்த்தும் 3 இன்ச் லிஃப்ட் கிட் போடலாமா? கையில் 40,000 ரூபாய்தான் இருக்கிறது. (தேனி வாசகர்)

கடைக்குப் போகும் முன் ஒரு பாயை விரித்து வண்டிக்கடியில் படுத்துப் பாருங்கள். தழும்பு எங்கே விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில்.

பின் அச்சின் நடுவே இருக்கும் டிஃபரென்ஷியல் உருண்டையில் தழும்பு என்றால், 3 இன்ச் அல்ல, 6 இன்ச் லிஃப்ட் போட்டாலும் அது ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. பின் அச்சு இரு சக்கரங்களோடும் சேர்ந்தே நிற்கிறது. லிஃப்ட் தூக்குவது அச்சுக்கு மேலே இருக்கும் சேஸிஸையும் பாடியையும் மட்டும்தான். உருண்டையை உயர்த்த ஒரே வழி பெரிய டயர். உங்கள் வண்டியில் வந்த 235/70 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 735 மி.மீ. 245/75 ஆர்16 போட்டால் 774 மி.மீ. விட்டத்தில் கூடும் 39 மி.மீ.யில் பாதி, அதாவது 19 மி.மீ. மட்டுமே உருண்டைக்குக் கிடைக்கும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 84-ல் போகும். கியர் இழுவையும் அதே 5 சதவீதம் குறையும்.

தழும்பு சேஸிஸின் குறுக்குச் சட்டத்திலோ டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) அடியிலோ இருந்தால் லிஃப்ட் உதவும். ஃபுட்போர்டில் இருந்தால் ஒரு ஸ்பேனர் போதும், கழற்றி வீட்டில் வையுங்கள்.

40,000-க்குள் 3 இன்ச் கிட் என்று யாராவது சொன்னால், அதில் எது இல்லை என்று கேளுங்கள். உங்கள் வண்டியில் முன்பக்கம் டார்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புத் தண்டு. முன்பக்கத்தை ஒரு இன்ச் உயர்த்தப் பொருள் செலவே கிடையாது, பாரின் போல்ட்டைத் திருகுவதுதான் வேலை. முந்தின நாளே போல்ட் மறையில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். சமதரையில், நான்கு டயரிலும் ஒரே காற்று வைத்து, சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸிஸுக்கு ஸ்டாண்ட் கொடுத்து, சக்கரங்களைத் தொங்கவிடுங்கள். பாரம் இருக்கும்போது அந்த போல்ட்டைத் திருகினால் மறை போய்விடும். பழைய நிலையில் சாக்பீஸ் கோடு போட்டு, இரு பக்கமும் எண்ணி இரண்டிரண்டு சுற்று. இறக்கியதும் உடனே அளக்கக் கூடாது. பத்து மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டினால்தான் டயர் விரிந்து வண்டி உட்காரும், அதன்பிறகு அளவெடுங்கள். இடம், வலம் வித்தியாசம் 5 மி.மீ.க்குள் வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

ஒரு இன்ச்சோடு ஏன் நிறுத்தச் சொல்கிறோம்? திருகுவதால் பார் வலுவாவதில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்தத் தூரம் பழையதேதான். மேலே கொடுத்ததைக் கீழே தொங்கும் தூரத்திலிருந்துதான் எடுத்தீர்கள். அதிகம் திருகினால் சிறு பள்ளத்திலும் சக்கரம் கடைசிவரை இறங்கி, ஆர்ம் ரப்பரில் மோதி ‘டக்’ என்று அடிக்கும். முன் ஆக்ஸில் சாய்வு கூடி, அதன் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறையான சிவி பூட் கிழியும், மண் புகுந்தால் ஜாயின்ட் போகும். அந்தச் செலவில் இன்னொரு லிஃப்ட்டே போட்டுவிடலாம்.

பின்பக்கம் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). 2 இன்ச் நீளம் கூடிய ஷேக்கிள் (பட்டை முனையைச் சேஸிஸோடு இணைக்கும் இரட்டைத் தகடு) போட்டால் ஒரு இன்ச் உயரும், ஏனென்றால் பட்டையின் ஒரு முனை மட்டும்தான் நகர்கிறது. இரு தகடுகளையும் நடுவில் குறுக்குத் துண்டால் இணைத்த ஷேக்கிளாக வாங்குங்கள். வெறும் தகடு, சரிவில் பக்கவாட்டில் ஆடும். பட்டை சாய்வதால் பினியன் மூக்கு (உருண்டையில் புரொப்பல்லர் ஷாஃப்ட் சேரும் முனை) சுமார் 2 டிகிரி மேலே பார்க்கும். மாற்றும் முன்னும் பின்னும் செல்ஃபோன் கோணமானியை வைத்து அளந்துகொள்ளுங்கள். ஓட்டும்போது புதிதாக அதிர்வு வந்தால் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துத் திருத்தலாம்.

மிச்சப் பணத்தில் குறுக்குச் சட்டம், டிரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டுக்கும் இரும்பு அடித்தகடு, ஒரு 12 வோல்ட் காற்று பம்ப், கடைசியில் வீல் அலைன்மென்ட். கல் பாதையில் டயர் காற்றை 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் கிடைக்கும் பிடிமானம் எந்த லிஃப்ட்டிலும் கிடைக்காது. தார்ச் சாலை ஏறும் முன் திரும்ப ஏற்றிவிட வேண்டும். பெரிய டயருக்கு இப்போது அவசரப்படாதீர்கள். நான்கு வாங்கினால் உங்கள் தொகை முழுதும் அதற்கே போய்விடும். இருப்பவை தேயட்டும்.

மாருதி ஜிப்ஸி கிங் வைத்திருக்கிறேன். பட்டைகளை அச்சுக்கு மேலே மாற்றி வைத்தால் 5 இன்ச் சும்மாவே கிடைக்கும் என்கிறார் ஒரு வெல்டர். உண்மையா? (கோத்தகிரி வாசகர்)

5 இன்ச் கிடைப்பது உண்மை. சும்மா கிடைப்பது பொய்.

ஜிப்ஸியில் நான்கு பக்கமும் கமான் பட்டை, அவை அச்சுக்குக் கீழே கட்டப்பட்டவை. மேலே மாற்ற, பட்டை உட்காரும் புதிய இருக்கைகளை அச்சுக் குழாயில் வெல்டு செய்ய வேண்டும். அதைச் செய்து முடித்தபின்தான் பட்டியல் நீளும். ஸ்டீயரிங் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் டிராக் லிங்க் பட்டையில் இடிக்கும், அதற்கு மாற்று லிங்க். பிரேக் ஹோஸ் எட்டாது, நீளமானது வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்ட் இரண்டுக்கும் ஸ்பேசர். ஷாக் அப்சர்பர் நான்கும் புதிது. இத்தனைக்கும் பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பட்டை எஸ் வடிவில் முறுக்கி அச்சு குதிக்கும். குறுகிய வண்டி வேறு, மலைச் சரிவில் 5 இன்ச் என்பது பெரிய உயரம். போட்டி ஓட்டுபவர்கள் இவற்றையெல்லாம் தெரிந்தே செய்கிறார்கள். வீட்டு வண்டிக்கு வேண்டாம்.

உங்கள் பட்டைகளின் வயதை முதலில் பாருங்கள். ஜிப்ஸி தயாரிப்பு நின்று ஆண்டுகளாகிவிட்டன. பெரும்பாலான வண்டிகளில் பட்டை தளர்ந்து ஒரு இன்ச்சோ அதற்கு மேலோ இறங்கித்தான் இருக்கும். புதுப் பட்டை செட், புது புஷ் போட்டாலே தொலைந்த உயரம் திரும்பிவிடும், யாரிடமும் லிஃப்ட் என்று சொல்லத் தேவையில்லை. பழைய பட்டையையே சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள். மலிவுதான், ஆனால் சில மாதத்தில் மறுபடி படுத்துவிடும். செட்டுடன் கூடுதலாக ஒரு நீளப் பட்டை சேர்ப்பது இடைவழி. குட்டையான பட்டையைச் சேர்த்தால் வளைவு நடுவில் மட்டும் கூடி, அது முடியும் இடத்தில் மெயின் பட்டை முறியும்.

எதைச் செய்தாலும், பட்டையை அச்சோடு கட்டும் பழைய யூ போல்ட்டை மறுபடி பூட்டாதீர்கள். ஒருமுறை முறுக்கி நீண்ட போல்ட் மறுபடி அதே பிடி பிடிக்காது. புதியதைப் போட்டு, 200 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப முறுக்குங்கள். இது தவறினால் பட்டைகளை நடுவில் கோர்க்கும் சென்டர் போல்ட் வெட்டுப்பட்டு அச்சு நகர்ந்துவிடும்.

முன்பக்கம் நீள ஷேக்கிள் என்ற யோசனையும் வந்திருந்தால் விட்டுவிடுங்கள். ஜிப்ஸியில் முன் ஷேக்கிள், பட்டையின் முன் முனையில் இருக்கிறது. அதை நீட்டினால் அச்சு முன்பக்கம் கவிழ்ந்து காஸ்டர் (சக்கரம் திரும்பும் கோட்டின் பின்சாய்வு) குறையும். ஸ்டீயரிங் தானாகத் திரும்பி நேராகாது.

மாருதி ஜிம்னிக்கு 2 இன்ச் ஸ்பிரிங் போட்டேன். 70-க்கு மேல் ஸ்டீயரிங் மிதக்கிறது. வண்டி ஒரு பக்கம் தள்ளி நிற்பதுபோலவும் தெரிகிறது. அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தாயிற்று. (கோவை வாசகர்)

இரண்டு தடவையும் அவர்கள் டோ (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் பார்த்திருப்பார்கள். காஸ்டர் என்ன என்று கேட்டு, அச்சடித்த தாளை வாங்குங்கள். ஜிம்னியின் முன் அச்சும் ஒரே திடமான அச்சு, அதை நீள ஆர்ம்கள் பிடித்திருக்கின்றன. வண்டி உயர்ந்ததும் ஆர்ம் சரிகிறது, அச்சு முன்நோக்கி உருள்கிறது, காஸ்டர் குறைகிறது. அதை அலைன்மென்ட் மேடையில் திருகிச் சரிசெய்ய இந்த வண்டியில் போல்ட் கிடையாது.

சிக்கன வழி, மையம் விலகிய காஸ்டர் புஷ். ஆர்மைக் கழற்றி, பழைய புஷ்ஷை ஹைட்ராலிக் பிரஸ்ஸில் தள்ளி, புதியதை ஏற்ற வேண்டும். புஷ்ஷில் திசைக் குறி இருக்கும். தலைகீழாக ஏறினால் காஸ்டர் கூடுவதற்குப் பதில் இன்னும் குறையும், எனவே பிரஸ் இயங்கும் முன் நீங்களே குறியைப் பாருங்கள். பாலியூரித்தேன் புஷ் நீடித்து உழைக்கும், ஆனால் விறைப்பானது, கல் மேட்டில் அச்சு முறுக்கிக் கொடுப்பது கொஞ்சம் குறையும். வளைவு திருத்திய புது ஆர்ம் இதைவிட நல்லது, விலையும் அதற்கேற்றபடி.

தள்ளி நிற்பது பேன்ஹார்டு ராடால். ஒரு முனை சேஸிஸில், மறுமுனை அச்சில். வண்டி உயர உயர ராடு சாய்ந்து அச்சைப் பக்கவாட்டில் இழுக்கும். மட்கார்டிலிருந்து நூல்குண்டு தொங்கவிட்டு டயர்வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். சில மில்லிமீட்டர்தான் என்றால் விடலாம். கண்ணுக்குத் தெரிகிற அளவு என்றால் நீளம் திருத்தக்கூடிய ராடு போடுங்கள்.

புதிய தாரில் (2020-க்குப் பின்) முன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தண்டு) மேலே 30 மி.மீ. ஸ்பேசர் வைத்தார்கள். பள்ளத்தில் இறங்கினால் இரும்பு மோதும் சத்தம். ‘செட் ஆகிடும்’ என்கிறார் மெக்கானிக். (பொள்ளாச்சி வாசகர்)

ஆகாது. ஸ்ட்ரட், கீழ் ஆர்மின் நடுவில் எங்கோ பிடித்திருக்கிறது, சக்கரம் அதன் நுனியில். அதனால் மேலே 30 மி.மீ. வைத்தால் சக்கரத்தில் ஏறத்தாழ இரு மடங்கு வரும். சக்கரம் தொங்கும்போது கம்பெனி நினைத்ததைவிடக் கீழே போய், மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் மோதுகிறது. ஜாக்கியில் தூக்கித் தொங்கவிட்டு டார்ச் அடித்தால் பெயின்ட் உரிந்த இடம் தெரியும். அதைக் கழற்றிவிட்டு 15 மி.மீ. அளவில் நில்லுங்கள். கழற்றும்போது ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸர் இல்லாமல் தொட விடாதீர்கள், அழுத்திய ஸ்பிரிங் ஆளைக் கொல்லும்.

லிஃப்ட் போட்டபின் ஷாக் அப்சர்பர் மாற்றியே ஆகவேண்டுமா? கடையில் ‘நீளமாக இருந்தால் போதும்’ என்கிறார்கள். (ஓசூர் வாசகர்)

பழைய ஷாக் குட்டையாகிவிடும், சக்கரம் தொங்கும்போது அதுவே கயிறுபோல இழுத்துப் பிடிக்கும். எண்ணெய் கசிவு அங்கிருந்துதான் ஆரம்பம். ஆனால் வெறும் நீளம் அதைவிட ஆபத்து. பள்ளத்தில் வண்டி அமுங்கும்போது பம்ப் ஸ்டாப் (அச்சு மேலே மோதாமல் தடுக்கும் ரப்பர்) தொடுவதற்கு முன் ஷாக் அடிதட்டினால், மவுன்ட் பிய்ந்துகொண்டு வரும்.

கமான் பட்டை வண்டியானாலும் காயில் ஸ்பிரிங் வண்டியானாலும், இரண்டு அளவு எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஷாக்கைக் கழற்றி, ஒரு சக்கரத்தைக் கல்லில் ஏற்றி பம்ப் ஸ்டாப் தொடும்வரை அமுக்கி, ஷாக் மாட்டும் மேல், கீழ் துளைகளுக்கு இடையே அளவு ஒன்று. அதே சக்கரத்தைத் தொங்கவிட்டு இன்னொன்று. புது ஷாக் முழுதும் சுருங்கிய நீளம் முதல் அளவைவிட ஒரு இன்ச்சாவது குறைவாக இருக்க வேண்டும், விரிந்த நீளம் இரண்டாவதைவிடக் கொஞ்சம் கூட. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்றால் பம்ப் ஸ்டாப்புக்கு அடியில் துண்டு கொடுத்து உயர்த்துங்கள். தொங்கவிட்ட நிலையில் பிரேக் ஹோஸையும் விரலால் அசைத்துப் பாருங்கள். விறைத்திருந்தால் அன்றைக்கே மாற்றவேண்டும்.

பொலேரோவில் பின்பக்கம் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவே 2 இன்ச் பிளாக் வைக்கலாமா? உர மூட்டை ஏற்றுவேன். (தேன்கனிக்கோட்டை வாசகர்)

மூட்டை ஏற்றும் வண்டிக்கு பிளாக் வேண்டாம். பிளாக் உயரம் கொடுக்கும், சுமை தாங்கும் சக்தி கொடுக்காது. உங்களுக்கு வேண்டியது ஒரு பட்டை கூடுதல். பாரத்தைப் பார்த்துப் பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு வண்டியில் இருந்தால், அதன் கம்பியையும் உயர்த்திய அளவுக்குத் திருத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் வண்டி காலி என்று வால்வு நினைத்துக்கொண்டு, மூட்டையோடு இறங்கும்போது பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

ஒருபோதும் முன் அச்சில் பிளாக் கூடாது. பிரேக் போடும்போது வரும் முறுக்கு முழுதும் அந்தத் துண்டின் மேல்தான் விழும்.

இதற்கெல்லாம் ஆர்.டி.ஓ. அனுமதி உண்டா? (மதுரை வாசகர்)

மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் பதிவான தயாரிப்பாளர் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த 182ஏ(4) பிரிவில், மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். தளர்ந்த பட்டையைப் புதுசாக்குவதும் அதே அளவு ஷாக் போடுவதும் பழுதுபார்ப்பு. 3 இன்ச் கிட் மாற்றம். டயரும் அப்படியே, மேலே சொன்ன 245/75 ஆர்16 புதிய தாரில் கம்பெனி அளவு, பழைய சிஆர்டிஇ-யில் அல்ல. இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாத மாற்றம் கிளெய்ம் நேரத்தில் கண்ணில் படும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஒன்றரை இன்ச் உயர்த்தியதிலிருந்து எதிரே வருபவர்கள் எல்லாரும் டிம் அடிக்கச் சொல்கிறார்கள். நான் டிம்மில்தான் போகிறேன்! (திண்டுக்கல் வாசகர்)

முன்பக்கம் மட்டும் கூட உயர்ந்திருந்தால் வண்டி மூக்கைத் தூக்கி நிற்கும், வெளிச்சம் மரத்தில் அடிக்கும். சமதரையில் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி நிறுத்தி, விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் கோடு போடுங்கள். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு 7, 8 செ.மீ. கீழே விழும்வரை விளக்குக்குப் பின்னால் இருக்கும் திருகை இறக்குங்கள்.