சொட்டுநீரோடு உரம்: கேள்வி பதில்

கேள்வி: மக்காச்சோளத்துக்கு மோட்டாரைப் போட்டவுடனேயே யூரியாக் கரைசலையும் திறந்துவிடுகிறேன். அரை மணி நேரத்தில் தொட்டி காலியாகிவிடும். அதன்பின் இரண்டு மணி நேரம் வெறும் தண்ணீர் ஓடும். அப்படியும் இலைகள் வெளிறியே இருப்பது ஏன்?

பதில்: வெளிறுவதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஆனாலும் நான் முதலில் சந்தேகிப்பது நீங்கள் உரம் விடும் நேரத்தைத்தான். யூரியா மண்ணில் ஒட்டிக்கொள்ளாமல் நீரோடு நகர்வது. அதைத் தொடக்கத்திலேயே விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் தண்ணீர் பாய்ச்சினால், குறிப்பாக மணற்பாங்கான நிலத்தில், வேருக்கு எட்டாத ஆழத்துக்கு அது இறங்கிவிடும். முதலில் வெறும் தண்ணீரை விட்டுக் குழாய்கள் எல்லாம் நிரம்பி அழுத்தம் சீரான பிறகு, பாசன நேரத்தின் பிற்பகுதியில் உரத்தைத் திறந்து, முடிவில் குழாயில் தங்கியதைக் கழுவித் தள்ளும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள்.

கேள்வி: அந்தக் "கழுவும் அளவு" எவ்வளவு என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒருமுறை அளந்துவிட்டால் போதும். பொட்டாஷ் கரைசலைத் திறந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவானுக்கு அடியில் ஒரு கிண்ணத்தை வைத்து, அதில் விழும் நீரை மின்கடத்துதிறன் மானியால் (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவி) சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாருங்கள். அளவு ஏறி நிலைபெற ஆகும் நேரமே உரம் கடைசிச் செடிக்குப் போய்ச்சேரும் நேரம். கழுவுவதற்கும் குறைந்தது அவ்வளவு நேரம் வேண்டும். யூரியாவை வைத்து இதைச் செய்ய வேண்டாம். அது நீரில் அயனிகளாகப் பிரியாததால் மானியில் தெரியாது.

கேள்வி: டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உரத்தைக் கரைத்து விடலாமா?

பதில்: வேண்டாம். கரையாத கசடு வடிகட்டியை அடைக்கும். மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அடியுரமாக இடுங்கள். நீர்வழி தர வேண்டுமென்றால் மோனோ அம்மோனியம் பாஸ்பேட் (12:61:0, அதாவது தழை, மணி, சாம்பல் சத்துகளின் சதவீதம்) நன்றாகக் கரையும்.

கேள்வி: கால்சியம் நைட்ரேட்டையும் அதே தொட்டியில் கலக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பாஸ்பேட்டோ சல்பேட்டோ உள்ள உரத்தோடு கால்சியம் சேர்ந்தால் படிவு உண்டாகிச் சொட்டுவானின் நுண்துளையில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஐயம் இருந்தால், தொட்டியில் கலக்கப்போகும் அதே விகிதத்தில் உங்கள் கிணற்று நீரிலேயே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கலந்து இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். பால்போல் கலங்கினாலோ அடியில் வெண்மையாகப் படிந்தாலோ அந்தக் கலவையைக் கைவிடுங்கள். கிணற்று நீர் கடினநீராக இருந்தால், பாஸ்பேட் உரத்தைத் தனியாகக் கலந்தாலே இப்படிக் கலங்கக்கூடும்.

கேள்வி: யூரியாவையும் பொட்டாஷையும் ஒன்றாகப் போட்டால் பொட்டாஷ் அடியிலேயே தங்கிவிடுகிறதே?

பதில்: இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. யூரியா கரையும்போது நீரின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். வாளியின் வெளிப்புறத்தைத் தொட்டாலே குளிர்ச்சி தெரியும். குளிர்ந்த நீரில் பொட்டாஷ் மெதுவாகத்தான் கரையும் என்பதால், வெள்ளைப் பொட்டாஷாகப் பார்த்து வாங்கி, அதை முதலில் முழுவதும் கரைத்து, யூரியாவைப் பிறகு சேருங்கள்.

கேள்வி: உரக் கரைசலைக் குழாய்க்குள் இழுக்கும் வெஞ்சுரி உரத்தை உறிஞ்சவில்லை. பழுதாகிவிட்டதா?

பதில்: பெரும்பாலும் பழுதாக இருக்காது. வெஞ்சுரிக்கு முன்னும் பின்னும் போதிய அழுத்த வேறுபாடு இருந்தால்தான் அது உறிஞ்சும். அந்த வேறுபாட்டைக் கூட்ட, பிரதான குழாயின் வால்வைச் சிறிது சிறிதாக மூடிக்கொண்டே உறிஞ்சுகுழாயைக் கவனியுங்கள்.