குளுக்கோஸ் எரிமக்கலம்: பிளாட்டினக் கம்பி வாங்குமுன்

தம்பி, நிக்கல் வலை, காஸ்டிக் சோடா என்னும் காரம், தோட்டத்துக் கடைச் சீனி வைத்துச் செய்த எரிமக்கலம் (எரிபொருளிலிருந்து நேராக மின்சாரம் எடுக்கும் கலம்) சில நிமிடத்தில் படுத்துவிடுகிறது, பிளாட்டினக் கம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், காசு தண்டம்.

முதல் கோளாறு சீனிதான். அது சுக்ரோஸ், காரக் கரைசலில் குளுக்கோஸாக உடையாது. மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்து மருந்துக் கடைகளில் குளுக்கோஸ் மாவு கேட்டுப் பாருங்கள்.

பிளாட்டினம் ஆரம்பத்தில் நன்றாக ஓடும். அப்புறம் குளுக்கோஸின் பாதி உடைந்த துண்டுகள் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு இடத்தை அடைத்துவிடும். காரத்தில் தங்கத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, ஆனால் விலை! நிக்கலோ ஆக்சிஹைட்ராக்சைடாக (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த நிக்கல் சேர்மமாக) மாறிய பிறகுதான் குளுக்கோஸைத் தொடும். அதற்கு உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். கலத்தின் வோல்ட்டேஜ் அதிலேயே போய்விடும். சர்க்கரை அளக்கும் சென்சாருக்கு அது சரி, எரிமக்கலத்துக்கு அல்ல.

பள்ளித் திட்டம் என்பதால் கார்பன் தண்டும், மீன் கடைகளில் விற்கும் மெத்திலீன் புளூ என்னும் நீலச் சாயம் சில துளிகளும் போதும். குளுக்கோஸ் அதன் நீலத்தை வெளுக்கும். வெளுத்த சாயம் எலக்ட்ரானைத் தண்டுக்குக் கொடுத்துவிட்டு மறுபடி நீலமாகும். கரைசலை அன்றன்று கலக்குங்கள், வைத்திருந்தால் பழுத்து மஞ்சளாகிவிடும். காஸ்டிக் சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.