வடசென்னை எப்படி மாறியது? அம்மாவின் சீட்டு நோட்டிலிருந்து ஒரு பதில்

கேள்வி: நகரத் திட்டமிடலும் மக்கள்தொகை மாற்றமும் ஒரு பகுதியின் சமூக வாழ்க்கையை எப்படி மாற்றுகின்றன? வடசென்னைக்காரர்கள் யாராவது சொந்த அனுபவத்திலிருந்து சொல்ல முடியுமா?

புளியந்தோப்பில் பிறந்தேன், 47 வயதாகியும் அங்கேயே இருக்கிறேன். அந்த ஒரு தகுதியில்தான் எழுதுகிறேன். டவுன் பிளானிங் எல்லாம் படித்ததில்லை. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. ஆனால் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி நிறைய அம்மாவின் சீட்டு நோட்டுகள் இருக்கின்றன. எங்கள் ஏரியாவின் சரித்திரத்தை அதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதவில்லை.

அம்மா பிடித்தது குலுக்கல் சீட்டு. இருபது பெண்கள், மாதம் நூறு ரூபாய், இருபது மாதம். சம்பளம் வந்த மறுநாள் சாயங்காலம் பெயர்களைத் துண்டுத் தாளில் எழுதி, சுருட்டி, எவர்சில்வர் சொம்பில் போட்டுக் குலுக்குவார்கள். எடுப்பது பெரும்பாலும் நான். சின்னப் பையன் கையில் சூது இருக்காது என்று ஒரு நம்பிக்கை. பெயர் வந்தவருக்கு இரண்டாயிரம். முதல் மாதமே எடுத்துவிட்டாலும் மீதிப் பத்தொன்பது மாதமும் கட்டியாக வேண்டும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. ஒருத்தரைச் சேர்ப்பதற்கு முன் அம்மா யோசிப்பது ஒன்றைத்தான்: இருபது மாதம் கழித்தும் இவள் இந்தத் தெருவில் இருப்பாளா?

அந்தக் காலத்தில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம். "வூட்டுக்காரர் மில்லுல கீறாரா?" என்று கேட்டால் போதும்.

மில் என்றால் பின்னி மில். 1870களில் பக்கிங்ஹாம் மில், அதன்பின் கர்நாடிக் மில், பிறகு இரண்டும் சேர்ந்து பி அண்ட் சி. காக்கித் துணிக்குப் பேர் போனது. இந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. நாட்டிலேயே முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, பெரம்பூர் எல்லாம் ஒரு வகையில் மில் சங்கு கேட்கும் தூரத்தில் வளர்ந்த இடங்கள். சங்கு ஊதினால் எழுந்து நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம். அப்பா தறிப் பக்கம் வேலை பார்த்தார். அவருக்குச் சைக்கிள்கூடத் தேவைப்படவில்லை. மத்தியானச் சாப்பாட்டை நான் தூக்கில் கொண்டுபோய்க் கேட்டில் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு அந்தக் காலம் பொற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். 1921இல் அதே மில்லில் நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதிவாரியாகப் பிரிந்து, புளியந்தோப்பில் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனது. அவ்வளவு தூரம் ஏன்? அம்மாவின் பழைய நோட்டுகளில் எங்கள் பின்தெருப் பெயர் ஒன்றுகூட இல்லை. விவரம் தெரிந்த வயதில் ஏன் என்று கேட்டேன். "அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அப்புறம் 1996 வந்தது. அந்த வருடம் ஊருக்கு மெட்ராஸ் போய்ச் சென்னை என்று பெயர் மாறியது, எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே வருடம்தான் பின்னி மில்லை மூடினார்கள். அதே வருடம்தான் கொத்தவால்சாவடி காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குப் போனது. எங்கள் தெருவில் மில்லில் இல்லாத ஆண்கள் பாதிப் பேர் சாவடியில் மூட்டை தூக்கினார்கள், இல்லையென்றால் மீன்பாடி வண்டி, அதாவது மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஓட்டினார்கள். மார்க்கெட்டை மாற்றியதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அந்தச் சந்துகளில் லாரி நுழைந்தால் வெளியே வருவதற்குள் தக்காளி அழுகிவிடும். ஆனால் சாவடியைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் மூட்டை தூக்கியவனின் வீட்டைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. விடியற்காலை ரெண்டு மணிக்கு வேலை, பஸ் கிடையாது, நடக்கிற தூரமும் இல்லை. சிலர் கோயம்பேட்டுப் பக்கமே குடிபோனார்கள். சிலர் வேலையை விட்டார்கள்.

அந்த வருட நோட்டில் ஏழு பெயருக்கு மேல் சிவப்பு மையில் கோடு இருக்கிறது. ஏமாற்றிவிட்டுப் போனவர்கள் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை; "கட்ட முடியாமப் போனவங்க" என்பார். பாக்கியைக் கட்டித் தீர்க்கத் தன் வளையலைச் சேட்டுக் கடையில் வைத்தார். அது திரும்பி வரவே இல்லை.

மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2001இல் சென்னை மாவட்டத்தில் 43.4 லட்சம் பேர், 2011இல் 46.5 லட்சம். பத்து வருடத்தில் வெறும் ஏழு சதவீதம். அதே பத்து வருடத்தில் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டம் 27.5 லட்சத்திலிருந்து 37 லட்சத்தைத் தாண்டியது, அதாவது 35 சதவீதம். அப்படித் திருவள்ளூர் பக்கம் போனவர்களில் எங்கள் ஆட்களும் உண்டு. என் தம்பி செங்குன்றத்தில் இருக்கிறான், சித்தப்பா பையன் மீஞ்சூரில். கல்யாணம் ஆனதும் லைன் வீட்டில் இடம் போதாது, இங்கே மனை வாங்க வழி இல்லை, கிளம்பிவிட்டார்கள். 2011 கடைசியில் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்து மணலி, மாதவரம், திருவொற்றியூரை உள்ளே இழுத்துக்கொண்டது. மனிதர்கள் முன்னால் போனார்கள், எல்லைக்கோடு பின்னால் ஓடிப் போய்ப் பிடித்தது.

இவர்களாவது தாங்களாகப் போனவர்கள். அத்தை கதை வேறு.

அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, கால்வாய்க் கரையில் குடியிருந்தவர். காலையில் இட்லிக் கடை. மழை வந்தால் வீட்டுக்குள் முட்டிவரை தண்ணீர் என்பதும் உண்மை, கொசுவும் நாற்றமும் உண்மை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அல்லது பக்கத்திலேயே மாடிக் கட்டடம் எழுப்பி அதே ஆட்களைக் குடிவைப்பதுதான் பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்று எழுதியிருக்கும், பார்த்திருப்பீர்கள். வீடு இருநூற்றுச் சொச்சம் சதுர அடிதான், ஆனால் தெரு அப்படியே இருந்தது. 2000 வாக்கில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம் என்று ஊரின் தென்கோடிக்குக் கொண்டுபோய் விடுவது வழக்கமாகிவிட்டது. அத்தைக்குக் கிடைத்தது பெரும்பாக்கம். எட்டு மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடி.

போய்ப் பார்த்தேன். வீடு நல்ல வீடு. கழிப்பறை உள்ளேயே, டைல்ஸ் தரை. லிப்ட் அன்றைக்கு ஓடவில்லை. படியேறி மூச்சு வாங்கி உட்கார்ந்தவனிடம் அத்தை சொன்னார்: "எல்லாம் கீதுடா கண்ணு. எதுத்தூட்டுக்காரி தான் இல்ல."

வீடு ஒதுக்கியது குலுக்கலில். அதில் லஞ்சத்துக்கு இடமில்லை, நியாயமான முறைதான். ஆனால் அந்தக் குலுக்கலில் கரையில் வரிசையாக இருந்த வீடுகள் ஆளுக்கொரு பிளாக்காகச் சிதறிவிட்டன. எதிர் வீட்டுக்காரியிடம்தான் அத்தை முப்பது வருடமாகச் சாவி கொடுத்துவிட்டுப் போவார். அவர் ஒன்பது பிளாக் தள்ளி. இட்லி வாங்கியவர்கள் எல்லாம் இங்கே, மாவு ஆட்டுகிறவர் அங்கே. 2021இலிருந்து சாதாரண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் அத்தை கொஞ்ச காலம் பிங்க் பஸ் பிடித்து இங்கே வந்து, தெரிந்த இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டுப் போனார். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். காசு மிச்சமானது, முழங்கால் போயிற்று. அங்கேயே ஒரு சீட்டில் சேரலாமே என்றேன். "யாரை நம்பி?" என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் உண்டு. ஊருக்கு வேண்டியது, ஆனால் பக்கத்தில் வேண்டாதது எல்லாம் வடக்கே வரும். மணலியில் 1969இலிருந்து எண்ணெய் சுத்திகரிப்பு, எண்ணூரில் அனல்மின் நிலையம், கொடுங்கையூரில் குப்பைமேடு. கடலையும் விட்டு வைக்கவில்லை. நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகத்துச் சுவர் குறுக்கே நின்றதால் மணல் தெற்கே தங்கி மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடல் அரித்துக்கொண்டே வந்தது. மெரினாவில் சுண்டல் சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்திருப்பது எங்களுக்கு வர வேண்டிய மணலில். இதைச் சொன்னால் தென்சென்னை நண்பர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்வேன்.

சரி, போனவர்கள் இடத்தில் யார் வந்தார்கள்? என் ஆபீஸ் வேலையாக மாதவரம், மணலி கன்டெய்னர் யார்டுகளுக்கு அடிக்கடி போகிறேன். பெட்டியில் சரக்கு ஏற்றி இறக்குகிறவர்களில் நான் பார்ப்பது பெரும்பாலும் ஒடிசா, பீகார், வங்காளத்துப் பையன்கள். நம் பையன்கள் சோம்பேறியாகிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசுவார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறப்பது 1.8 குழந்தை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அப்பாவோடு பிறந்தவர்கள் ஆறு பேர், நாங்கள் இரண்டு பேர், எனக்கு ஒரே பெண். அவள் பி.காம். படிக்கிறாள். மூட்டை தூக்க வீட்டுக்கு ஒரு ஆள் என்று கேட்டால் எங்கிருந்து வரும்?

எட்டுப் போர்ஷன், ஒரே குழாய் என்று இருந்த எங்கள் பக்கத்து வீடு இப்போது மூன்று மாடி. ஒரு அறையில் ஐந்து பேர். தெருமுனை அண்ணாச்சி கடையில் நல்லெண்ணெய்ப் பக்கத்தில் கடுகெண்ணெய் வந்துவிட்டது. ஒருநாள் காலை கதவு தட்டுகிறது. மாடிப் பையன், கையில் காலிக் குடம். "அம்மா, தண்ணி லாரி வந்துச்சா?" சுத்தமான புளியந்தோப்புத் தமிழ். இவர்கள் வந்து தெரு கெட்டுவிட்டது என்கிறவர்களும் இருக்கிறார்கள். பர்மாவிலிருந்து வந்தவர்களையும், அதற்கு முன் ஆந்திராவிலிருந்து வந்தவர்களையும் பற்றி இதே தெருவில் இதே பேச்சுதான் பேசியிருப்பார்கள்.

இன்னொரு கூட்டமும் வந்திருக்கிறது. பின்னி மில் நிலத்தில் இப்போது வானத்தைத் தொடும் அடுக்குமாடிகள். வீட்டு விளம்பரத்தில் புளியந்தோப்பு என்ற பெயரைத் தேடினாலும் கிடைக்காது. "பெரம்பூர்" என்றுதான் போடுவார்கள். இதைக் குறை சொல்ல எங்களுக்கு அருகதை இல்லை. வேலைக்கு மனுப் போடும்போது எங்கள் பையன்களும் பெரம்பூர் என்றுதான் எழுதுவார்கள். மெட்ரோ 2019இல் வண்ணாரப்பேட்டைக்கும் 2021இல் விம்கோ நகருக்கும் வந்தது. அடுத்த கட்டத்துக்குப் பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம் என்று தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஓடத் தொடங்குவதற்கு முன்பே எங்கள் பக்கம் வாடகை ஏறிவிட்டது. ஏறினால் வாடகைக்காரர்தான் முதலில் நகர்வார், இதற்கு மாஸ்டர் பிளான் வேண்டியதில்லை.

ஆக, என் பதில் இதுதான். திட்டம் போடுகிறவர்கள் வீட்டை எண்ணுகிறார்கள், சாலையை அளக்கிறார்கள். எண்ணாமல் விடுவது ஒரு பெண் தன் தெருவில் எத்தனை மாதம் இருப்பாள் என்பதை. அதை ஒரு வரியாகச் சேர்த்திருந்தால் அத்தையின் எதிர் வீட்டுக்காரியைப் பக்கத்துக் கதவாகவே ஒதுக்கியிருக்கலாம். அதற்கு ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லை.

அம்மா இப்போதும் சீட்டு பிடிக்கிறார். வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குத்தான் போடுகிறார்கள் என்பதால் சீட்டையும் பதினோரு பேர், பதினோரு மாதம் என்று குறைத்துவிட்டார். தொகை ஆயிரம். போன தடவை குலுக்கியபோது துண்டுத் தாள் எழுதியது என் பெண். மூன்றாவது மாடி ஒடிசாக்காரப் பெண்ணின் பெயரை எப்படி எழுதுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அந்தப் பெண்ணே பேனாவை வாங்கி, உருண்டை உருண்டையாகத் தன் எழுத்தில் எழுதி, சுருட்டிச் சொம்பில் போட்டாள். நோட்டில் அவளுக்கு மேல்வரியில் இருப்பது பின்தெருப் பெயர்.