காலண்டரின் சிவப்பு எண்கள்
வாசகர் கேள்வி – பதில்

தொழிலாளர் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சம்பளம், விடுப்பு, பிடித்தம் பற்றிய கடிதங்களை ஆசிரியர் என் பக்கம் தள்ளிவிடுகிறார். இந்த முறை வந்தவற்றில் பாதி, விடுமுறை நாளில் வேலை பார்ப்பது பற்றி. மீதி, இரண்டாவது வேலை பற்றி. பலரும் முதல் வேலையின் விடுமுறை நாளில்தான் இரண்டாவது வேலைக்குப் போகிறார்கள் என்பதால் இரண்டு கட்டுகளையும் ஒன்றாகவே அவிழ்க்கிறேன்.

ஜவுளிக்கடையில் ஆறு வருடங்களாக வேலை செய்கிறேன். போன ஆகஸ்ட் 15 அன்று வரச் சொன்னார்கள், போனேன். "அதற்குப் பணம் கிடையாது, வேறொரு நாள் லீவு எடுத்துக்கொள்" என்கிறார் மேனேஜர். அது எந்த நாள் என்பதையும் அவரே சொல்வாராம். எனக்குப் பணம்தான் வேண்டும். கேட்கலாமா? – ஒரு வாசகி, திருநெல்வேலி

தாராளமாகக் கேட்கலாம். தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கென்றே தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. உங்கள் ஜவுளிக்கடையும் அதற்குள் வரும். விடுமுறை நாளில் வேலை பார்த்தவருக்கு இரண்டு வழிகளை அது வைத்திருக்கிறது: ஒன்று, அந்த நாளுக்கு இரட்டிப்புச் சம்பளம். இன்னொன்று, அந்த நாளின் சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பளத்துடன் கூடிய மாற்று விடுப்பு. இரண்டில் எது என்பது வேலை பார்த்தவரின் விருப்பம். மேனேஜர் இந்த ஒரு சொல்லைத்தான் உங்களிடமிருந்து எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

வரச் சொல்வதற்கும் முறை இருக்கிறது. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே உங்களுக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, அதன் நகலை ஆய்வாளருக்கு அனுப்பியிருக்க வேண்டும். 'படிவம் 5' என்று அதற்குப் பெயர். முந்தின நாள் இரவு கடை சாத்தும்போது "நாளைக்கு எல்லாரும் வந்துவிடுங்கள்" என்று படிக்கட்டில் நின்று சொல்வது அறிவிப்பாகாது.

ஒருமுறை ஆகஸ்ட் 15 காலை பத்தரை மணிக்கு ஒரு பெரிய கடைக்குள் ஆய்வுக்குப் போனேன். கேட்பதற்கு முன்பே படிவத்தை நீட்டினார்கள். 42 பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'மாற்று விடுப்பு' என்று ஒரே கையால், ஒரே பச்சை மையில் எழுதியிருந்தது. கையெழுத்துகள் மட்டும் நீலம். மூன்றாவது மாடியில் புடவை மடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "இரண்டில் நீங்கள் எதைக் கேட்டீர்கள்?" என்றேன். மடித்த புடவையை அடுக்கில் வைத்துவிட்டு, "என்னை யார் சார் கேட்டார்கள்?" என்றார். அன்று அந்தக் கடைக்கு நான் எழுதிய குறிப்பில் முதல் வரி அதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. "ஆகஸ்ட் 15 அன்று வேலை பார்த்தேன், இரட்டிப்புச் சம்பளம் வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதித் தேதியிட்டுக் கொடுங்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். அன்று வேலைக்கு வந்ததற்கு ஏதாவது ஒரு தடயம் வேண்டும். நீங்கள் போட்ட பில்லாக இருக்கலாம், வருகைப் பதிவின் படமாக இருக்கலாம். பலன் இல்லையென்றால் உங்கள் மாவட்டத்துத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் நான்கு பேராகப் போங்கள். நான்கு பேர் வந்தால் எங்கள் அலுவலகத்தில் நாற்காலியும் சீக்கிரம் கிடைக்கும். (நாற்காலி என்றதும் நினைவு வருகிறது: கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். உங்கள் கடையில் போட்டுவிட்டார்களா?)

மாதச் சம்பளக்காரருக்கு ஒருநாள் சம்பளம் என்று எதைக் கணக்கிடுவது? 30-ஆல் வகுப்பதா, 26-ஆல் வகுப்பதா? எங்கள் முதலாளி தரும்போது 30 என்கிறார். – வாசகர், ஈரோடு

பிடிக்கும்போது எதனால் வகுக்கிறார்? சொல்லாமல் ஒருநாள் வராவிட்டால் சம்பளத்தில் எவ்வளவு குறைந்தது என்று பழைய சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 15,600 ரூபாய்ச் சம்பளத்தில் 600 பிடித்திருந்தால், அவரே 26-ஆல் வகுத்துக் காட்டிவிட்டார். கொடுக்கும்போது மட்டும் அது 520 ஆகிவிடுமா? மாதச் சம்பளத்துக்குள் விடுமுறை நாளின் கூலி ஒன்று ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. அன்று வேலை பார்த்திருந்தால், அதற்கு மேல் குறைந்தது இன்னொரு நாள் கூலி கைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் 'இரட்டிப்பு' என்பது வெறும் பேச்சு.

காலண்டரில் இருபதுக்கும் மேற்பட்ட நாட்கள் சிவப்பாக இருக்கின்றன. எங்கள் கம்பெனியில் ஒன்பது நாள்தான் தருகிறார்கள். ஏமாற்றுகிறார்களா? – வாசகர், ஓசூர்

இல்லை. உங்கள் காலண்டர் அரசு அலுவலகத்துக்கு அச்சிட்டது. அரசு ஆண்டுதோறும் வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியல் அரசு அலுவலகங்களுக்கு உரியது. வங்கிகளுக்கான விடுமுறையை 1881-ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கிறார்கள். தனியார் நிறுவனத்துக்கு நான் மேலே சொன்ன 1958 சட்டம். அதில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் அசைக்க முடியாதவை. இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள். ஆக ஒன்பது. கூடுதலாகத் தந்தால் அது நிர்வாகத்தின் நல்ல மனம், அல்லது உங்கள் சங்கத்தின் பலம்.

அந்த ஐந்து எவை என்பதை முடிவு செய்யும்போது தொழிலாளர்களையும் கலந்துகொள்ள வேண்டும். டிசம்பரில் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள், யாரும் நின்று படிப்பதில்லை. பொங்கலுக்கு மறுநாள் வேலை என்று ஜனவரியில் தெரிந்ததும் எனக்குக் கடிதம் எழுதுவார்கள்.

மே 1-ஐ மட்டும் சாதாரண லீவு நாளாக நினைத்துவிடாதீர்கள். தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே தினக் கூட்டம் நடத்தியபோது அது யாருக்கும் விடுமுறை இல்லை.

வாக்குப்பதிவு நாளில் சம்பளம் பிடிக்கலாமா? நான் தினக்கூலி. – வாசகர், சேலம்

கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 135-பி பிரிவு, வாக்களிக்கும் உரிமையுள்ள தொழிலாளிக்கு அன்று சம்பளத்துடன் விடுமுறை தரச் சொல்கிறது. தினக்கூலிக்காரரும் அதில் அடக்கம். மீறும் முதலாளிக்கு 500 ரூபாய் வரை அபராதம். அந்தத் தொகையைப் படித்துவிட்டுச் சில முதலாளிகள் சிரிப்பதையும் பார்த்திருக்கிறேன்.

பகலில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை. இரவு ஏழு முதல் பதினொன்று வரை இன்னொரு கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறேன். இரண்டு முதலாளிகளுக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. இதில் தப்பு உண்டா? வீட்டுக் கடன் இருக்கிறது. – வாசகர், திருப்பூர்

தம்பி, கடைசி வரியை முதலில் படித்தேன். அதனால் உபதேசம் இல்லை, விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த நாளில் அதே ஆளை இன்னொரு தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. இரட்டை வேலைக்கான தடை அதிலும் இருக்கிறது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்று ஒரு வரம்பு வைத்துவிட்டு, அந்த ஆளே அடுத்த தெருவில் போய் இன்னும் 24 மணி நேரம் ஊசிக்கு முன்னால் உட்கார்ந்தால் வரம்புக்கு அர்த்தம் இல்லை அல்லவா? அதுதான் காரணம்.

நீங்கள் கவனிக்காத ஒன்று பணக் கணக்கு. முதல் கம்பெனியிலேயே ஷிப்டுக்கு மேல் இரண்டு மணி நேரம் இருந்தால் அது மிகைநேரம், அதற்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி. அடுத்த கம்பெனியில் அதே சோர்வோடு நான்கு மணி நேரம் உட்கார்ந்து ஒற்றைக் கூலி வாங்குகிறீர்கள். இரட்டிப்பாக வர வேண்டிய நேரத்தைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு வருகிறீர்கள். முதல் முதலாளியிடம் மிகைநேர வேலை இருக்கிறதா, அதற்குச் சரியான கூலி தருகிறாரா என்று முதலில் பாருங்கள். தரவில்லையென்றால் அதற்கென ஒரு கடிதம் எழுதுங்கள், பதில் தனியாகத் தருகிறேன்.

இரண்டு வேலைக்காரர்களை நான் குறை சொல்ல முடியாது. அரசு வேலை கிடைப்பதற்கு முன் நானும் அப்படித்தான். பகலில் ஒரு பஞ்சாலை அலுவலகத்தில் கணக்கு எழுதுவேன், இரவில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவேன். எட்டு மணிக்கு மேல் எழுத்துகள் எறும்பு வரிசை மாதிரி நகர ஆரம்பிக்கும். ஓர் இரவு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளையின் தாத்தா பெயரில் ஒற்றெழுத்து விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்துப் பெருமையோடு திருத்தினேன். ஆவணி 7 என்பது ஆவணி 17 என்று இருந்ததை விட்டுவிட்டேன். பாதிப் பத்திரிகைகளை ஊருக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் பெண்ணின் அப்பா அச்சகத்துக்கு ஓடி வந்தார். மறு அச்சுக்கான காகிதச் செலவு என் மூன்று மாத இரவுச் சம்பளத்தில் போயிற்று. உங்கள் கையில் இருப்பது காகிதம் அல்ல, ஊசி.

மென்பொருள் நிறுவனத்தில் வேலை. சனி, ஞாயிறுகளிலும் அரசு விடுமுறைகளிலும் ஆன்லைனில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். நிறுவனத்துக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். என் விடுமுறை என்னுடையதுதானே? – வாசகி, சென்னை

விடுமுறை உங்களுடையதுதான். ஆனால் வேலைக்குச் சேர்ந்த அன்று ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டீர்களே, அதை எடுத்துப் படியுங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் பணி நியமனக் கடிதத்தில் 'முன் அனுமதியின்றி வேறு வேலையோ தொழிலோ செய்யக் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். அப்படியிருந்தால் நீங்கள் பாடம் எடுப்பது சனிக்கிழமையா செவ்வாய்க்கிழமையா என்பது கேள்வியே இல்லை, அனுமதி வாங்கினீர்களா என்பதுதான் கேள்வி. போட்டி நிறுவனத்துக்கு வேலை பார்ப்பது வேறு ரகம். 2022-இல் விப்ரோ 300 பேரை வெளியே அனுப்பியது அந்தக் காரணத்துக்காகத்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் சொல்லித் தருவதும் அதுவும் ஒன்றல்ல.

எனவே மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சலில் நான்கு வரி எழுதுங்கள்: என்ன பாடம், எந்த நாட்கள், அலுவலகக் கணினியைத் தொடுவதில்லை, வேலை நேரத்தில் இல்லை. பலர் எழுதத் தயங்குவதற்குக் காரணம், கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்ற பயம். மறுத்தால் எங்கே நிற்கிறோம் என்றாவது தெரியும். கேட்காமல் செய்து பின்னால் பிடிபட்டால், பாடம் எடுத்ததைவிட மறைத்ததுதான் பெரிய குற்றமாகக் கோப்பில் ஏறும்.

மறைப்பதும் இப்போது எளிதல்ல. இன்னொரு நிறுவனத்தில் சம்பளப் பட்டியலில் ஏறி, அவர்களும் வருங்கால வைப்புநிதி கட்டினால், வைப்புநிதிக்கான உங்கள் ஒரே அடையாள எண்ணின் (யூஏஎன்) கீழ் ஒரே மாதத்துக்கு இரண்டு நிறுவனங்களின் பெயர்கள் வந்து நிற்கும். வருமான வரியிலும் அப்படியே. இரண்டு இடமும் 'இவருக்கு நாம் தரும் சம்பளம் மட்டும்தான்' என்று நினைத்துக் கழிவுகளைக் கொடுத்து வரி குறைவாகப் பிடிப்பார்கள். ஜூலையில் கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்தமாக வந்து விழும். பாடக் கட்டணத்தில் ஒரு பகுதியை மாதா மாதம் வரிக்கென்று ஒதுக்கி வையுங்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர் நான். கோடை விடுமுறையில் மட்டும் டியூஷன் எடுக்கலாமா? மனைவி பெயரில் என்றால்? – பெயர் வேண்டாம்

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28: ஆசிரியர் தனிப்பட்ட முறையில் டியூஷன் எடுக்கக் கூடாது. கோடைக்கு விலக்கு இல்லை. மனைவி பெயரைப் பலகையில் எழுதலாம், ஆனால் கரும்பலகையில் எழுதுவது யார் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கதை, கட்டுரை எழுதுங்கள். எப்போதாவது செய்யும் இலக்கியப் பணியை நடத்தை விதிகள் பொறுத்துக்கொள்கின்றன, சன்மானமும் அதற்கேற்ற அளவில்தான் இருக்கும்.

ஐயா, நீங்கள் விடுமுறை நாளில் வேலை பார்த்ததுண்டா? இரட்டிப்புச் சம்பளம் வாங்கினீர்களா? – வாசகி, மதுரை

மற்றவர்களுக்கு விடுமுறை கிடைத்ததா என்று பார்ப்பதற்காக ஆண்டுக்கு நான்கு விடுமுறைகளைத் தொலைத்த உத்தியோகம் அம்மா என்னுடையது. 1958 சட்டம் எங்களுக்குப் பொருந்தாது. ஈடுசெய் விடுப்பு உண்டு. எடுக்க நேரமில்லாமல் காலாவதியானவற்றை என் மனைவி ஒரு டைரியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறார்.

ஓய்வு பெற்ற பின் வந்த முதல் ஆகஸ்ட் 15 அன்று, பத்து மணி ஆனதும் கால் தானாகச் செருப்பைத் தேடியது. கடைத்தெருவில் ஒரு கடையின் ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருந்தது. அடியில் கால்கள் மட்டும் தெரிந்தன. எண்ணினேன், ஒன்பது ஜோடி. படிவம் 5 கேட்க வாய் வரை வந்துவிட்டது. அதிகாரம் இல்லாதவன் என்ன கேட்பது? குனிந்து உள்ளே போய் ஒரு துண்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பில்லில் தேதியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அன்று அந்த ஒன்பது பேருக்கும் வேலை வைத்தவர்களில் நானும் ஒருவன்.